வாவிக்கரையில் ஊற்றுக்கண் தேடி

வியாழக்கிழமை, கல்லடி

கவிஞர்களிடமும் கதைகாரர்களிடமும் வாசகர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, "இதெல்லாம் உங்களுக்கு எங்கிருந்து வருகிறது?" என்பதுதான். பெரும்பாலான எழுத்தாளர்கள் இதற்கு ஒழுங்கான விடை சொல்வதில்லை. சிலர் இயற்கை என்பார்கள், சிலர் வாழ்க்கை என்பார்கள், வேறு சிலர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள். அவர்களைக் கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தோன்றியதால், அவர்களுடைய எழுத்துப் பிறந்த ஊர்களையே கேட்டுப் பார்க்கலாம் என்று வவுனியாவிலிருந்து புறப்பட்டுக் கிழக்கிலங்கையின் மட்டக்களப்புக்கு வந்திருக்கிறேன். பையில் பழந்தமிழ் இசையை ஆராயும் யாழ் நூலின் மறுபதிப்பு ஒன்றும், நீலாவணனின் 'வேளாண்மை' காவியமும், நுஃமானின் 'மழை நாட்கள் வரும்' தொகுதியும், சோலைக்கிளியின் 'காகம் கலைத்த கனவு'ம் இருக்கின்றன. வைகாசிப் பூரணையை அண்டிய நாட்கள் இவை. வாவியில் மீன் பாடும் என்று சொல்லப்படும் காலமும், கண்ணகி கோயில்களில் குளிர்த்திச் சடங்கு நடக்கும் காலமும் இதுவே. அன்றன்று கண்டதையும் கேட்டதையும் அன்றன்றே எழுதிப் பதிவிட எண்ணியிருக்கிறேன்.

மட்டக்களப்பைப் பற்றி வெளியூரார் எழுதும்போது ஒரு வாய்பாடு உண்டு: வாவி, நிலவு, பாடும் மீன், ஆகவே கவிஞர்கள். இந்த 'ஆகவே'யில் எனக்கு நம்பிக்கை இல்லை. அழகான நீர்நிலை இருந்தாலே கவிதை வந்துவிடும் என்றால், நுவரெலியா ஏரிக்கரையில் இதற்குள் காவியங்கள் குவிந்திருக்க வேண்டும். எனினும் வாவியைப் பார்க்காமல் மேலே செல்வது நியாயமாகாது என்பதால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கல்லடிப் பாலத்துக்குப் போனேன். ஆளுநர் மனிங்கின் மனைவியின் பெயரைத் தாங்கிய பழைய இரும்புப் பாலமும், 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் அங்கே அருகருகே நிற்கின்றன. புதிய பாலத்தில் வாகனங்கள் ஓய்ந்தபாடில்லை. பழைய பாலத்தின் ஓரத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் மீன் பாடுவது கேட்குமா என்று விசாரித்தேன்.

"பாலத்துக்கு மேல நிண்டு கேக்க ஏலாது மனே. தோணியில போய்த் துடுப்பத் தண்ணிக்குள்ள உட்டு, மத்தத் தொங்கல்ல காத வெச்சாக் கேக்கும்" என்றார். கொஞ்சம் மௌனமாக இருந்துவிட்டு, "நமக்குக் கேக்கும். உங்களுக்கு எப்பிடியோ தெரியாது" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவருடைய மருமகன் தோணியில் ஏற்றிச் சென்றான். துடுப்பின் கைபிடியில் காதை அழுத்திக்கொண்டு குனிந்திருந்தபோது, சூடான சட்டியில் உப்புப் பொரிவது போன்ற ஒரு சடசடப்பு இடைவிடாமல் கேட்டது. அதற்கும் அடியில் நீண்ட சுரம் ஒன்று இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. மீனா, ஊரி என்னும் நீர்நத்தையா, இறாலா என்ற வழக்கை நான் தீர்க்க வரவில்லை. ஆனால் ஒன்று தெளிவாயிற்று. இது பார்த்து மகிழும் காட்சி அன்று. நிலவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கழுத்து நோகக் குனிந்து, ஈர மரத்தில் காதை வைத்தால்தான் இது கிடைக்கும்.

எமெர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அரசாங்கச் செயலாளர் 1848 செப்டெம்பரில் இதே வாவியில் நிலவொளியில் படகில் சென்று இந்த ஓசையைக் கேட்டிருக்கிறார். படகின் மரத்தில் காதை வைத்தபோது அது பெருத்துக் கேட்டது என்று 1859இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். மீனவர்கள் அவரிடம் சொன்ன காரணம் மீன் அன்று, ஊரி. அவரும் ஊரிகளை எடுத்துப் பார்த்து, அவை எந்த இனம் என்று குறித்துவைத்தார். அவருக்கு அது ஓர் இயற்கை விநோதம். அதே ஓசையைக் கேட்டு வளர்ந்த இன்னொருவருக்கு அது வேறொன்றாக ஆனது. அவரைப் பற்றி நாளை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை, கல்லடி உப்போடை, பின்பு கன்னன்குடா

காலையில் சிவானந்த வித்தியாலய வளவில் சுவாமி விபுலாநந்தரின் சமாதியைப் பார்த்தேன். உள்ளக் கமலத்தையே இறைவன் வேண்டுவதாகச் சொல்லும் அவருடைய பாடல் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. 1892இல் காரைதீவில் மயில்வாகனனாகப் பிறந்த இவர் அறிவியல் படித்தவர், லண்டன் பல்கலைக்கழகப் பட்டதாரி, அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றிய பிறகே துறவு பூண்டவர். தமிழ்ப் பேராசிரியராக அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் இருந்தார். இடையில் இமயமலைச் சாரலில் இராமகிருஷ்ண மடத்தின் ஆங்கில இதழ் ஒன்றின் ஆசிரியராகவும் இருந்தார். அவருடைய யாழ் நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் காலமானார்.

அந்த நூலைச் சமாதிக்கு அருகிலிருந்த மரநிழலில் புரட்டிக்கொண்டிருந்தேன். தொடக்கப் பகுதியிலேயே, நிலவு பொழியும் இரவில் தோணியேறி மட்டக்களப்பு வாவியில் நீரர மகளிர் என்னும் நீர்த்தேவதைகளின் பாடலைக் கேட்கும் ஒரு பாட்டு வருகிறது. அதைத் தாண்டிச் சில பக்கங்கள் போனால் நரம்பின் நீளங்களும் சுருதிகளின் விகிதங்களும் கணக்குகளும் அட்டவணைகளுமாக விரிகின்றன. இந்த இரண்டும் எப்படி ஒரே நூலில் இருக்கின்றன என்று முன்பெல்லாம் வியந்திருக்கிறேன். இன்று வியப்பு இல்லை. தோணியில் குனிந்து கேட்ட சிறுவன் பின்னாளில் பௌதிகம் படித்தால், கேட்டதை அளந்து பார்க்க விரும்பத்தானே செய்வான்? வாவி எல்லாருக்கும் பொதுவானது. அதைக் கேட்ட காதில் கணிதமும் சிலப்பதிகாரமும் ஏற்கெனவே குடியிருந்தன என்பதுதான் அவருக்கு மட்டும் உரியது. இது என் ஊகமே. ஆனாலும் இந்தப் பயணம் முழுவதும் இதை வைத்தே பார்ப்பது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

மாலையில் வலையிறவுப் பாலத்தைக் கடந்து படுவான்கரைக்குப் போனோம். என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் சென்ற நண்பர் களுவாஞ்சிக்குடிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தமிழாசிரியர். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் ஊர்கள் நெருங்கிக் கிடக்கின்றன. வாவியின் மேற்கே, வயல்களுக்கு நடுவே படுவான்கரை ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. கூத்து இன்னும் ஊரார் காரியமாக இருப்பது பெரும்பாலும் இந்தப் பக்கத்தில்தான். மாரிப்போகம் வெட்டிக் களம் ஒதுங்கிய பின், சட்டம் கொடுத்து (ஆடுபவருக்கு அவரவர் பாத்திரத்தின் பாட்டுகளை எழுதிக் கொடுத்து), மாதக்கணக்கில் பழகி, சதங்கை அணிந்து, கடைசியில் அரங்கேற்றுவது வழக்கம். நாங்கள் போனது, இங்குள்ள இரு கூத்துப் பாணிகளில் ஒன்றான வடமோடிக் கூத்தொன்றின் ஒத்திகைக்கு. களரி, வட்டமாக மண் போட்டு மெழுகிய தரை. சுற்றிலும் பாய்களில் பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். அரசனுக்கு ஆடியவர் பகலில் மேசன் வேலை செய்பவர். சீமெந்து காய்ந்து வெடித்த விரல்களால் அவர் இல்லாத வாளைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். கரப்புடுப்பு என்னும் கூத்துடை அரங்கேற்றத்தன்றுதான்.

கூத்தைப் பழக்கும் அண்ணாவியாருக்கு எழுபது வயது கடந்திருக்கும். மத்தளத்தை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, பாடுபவர் சொல் மறந்து நின்ற இடத்தில் சொல்லை எடுத்துக் கொடுக்காமல் வலக்கையால் தாளத்தை மட்டும் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார். சொல் தானாக வந்துவிட்டது. நான் இதைத் திரும்பத் திரும்பக் கவனித்தேன். சொல்லுக்குத் தாளம் போடுவதாகத்தான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே தாளத்துக்குள்தான் சொல்லை வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்.

இடைவேளையில் பிளேன்ரீ குடிக்கும்போது, பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த கூத்துக் கொப்பியைக் காட்டினார். தகப்பனாரின் கொப்பியைப் பார்த்து அவர் எழுதியது அது. தகப்பனார் தம்முடையதை ஏட்டிலிருந்து எழுதினாராம். கடைசிப் பக்கங்களில் உரம் வாங்கிய கணக்கும் யாரோ ஒருவருக்குக் கொடுத்த கடனும் எழுதப்பட்டிருந்தன. நீங்கள் சொந்தமாகக் கூத்து ஏதும் எழுதியிருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"நான் எங்க தம்பி எழுதுற? இரிக்கிறதக் காப்பாத்தினாக் காணும்" என்றார். மறுபடி மத்தளத்தை எடுக்கும்போது, கேட்காமலே சொன்னார்: "இவர்ர தொண்டைக்கு அந்தத் தரு நிக்காது. அதால ரெண்டு வரி மாத்திக் குடுத்திரிக்கன். அவ்வளவுதான்."

தரு என்றால் கூத்தில் பாடும் பாட்டு. அந்த 'அவ்வளவுதான்' என்னை இரவு முழுவதும் விடவில்லை. ஒருவருடைய மூச்சு எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டு, அந்த மூச்சுக்கு ஏற்றபடி புதிய இரண்டு வரிகளைக் கட்டுவது கவிதை இல்லையென்றால் வேறெது? அவர் அதை எழுத்து என்று எண்ணவேயில்லை, எங்கள் விமர்சகர்களும் எண்ணுவதில்லை.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கூத்தைப் புதிய அரங்குக்குக் கொண்டுவந்தபோது, 'இராவணேசன்' கூத்தில் இராவணனாக ஆடியவர் மட்டக்களப்பு அமிர்தகழியைச் சேர்ந்த சி. மௌனகுரு. சிறு வயதில் களரியைச் சுற்றிப் பாயில் இருந்து பார்த்த ஆட்டம், பல்கலைக்கழகத்தில் நாடகக் கல்வியோடு முட்டியபோதுதான் அவருக்குப் படைப்பாக மாறியது. விபுலாநந்தர் கதைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையை நண்பரிடம் சொன்னேன். "அப்படியென்றால் படிக்காத அண்ணாவியாருக்கு ஊற்று இல்லையா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். மோட்டார் சைக்கிள் இரைச்சலைச் சாக்காக வைத்துக்கொண்டு நான் பதில் சொல்லவில்லை.

சனிக்கிழமை, குருமண்வெளி, மண்டூர்

இன்றைக்கு அதிகம் அலையவில்லை. களுவாஞ்சிக்குடியிலிருந்து குருமண்வெளித் துறைக்குப் போய், 'பாதை' என்று இங்கே சொல்லும் மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து மண்டூருக்குச் சென்றோம். தட்டையான இரும்புத் தளத்தில் மோட்டார் சைக்கிள்களும் மரக்கறி மூட்டைகளும் பாடசாலைப் பிள்ளைகளும் நெருக்கியடித்து நின்றார்கள். கரை சேரும் வரை வேறு வேலை இல்லாததால் எல்லாரும் பேசினார்கள். ஒரு சிறுகதைக்கு வேண்டிய மனிதர்கள் அத்தனை பேரும் ஓடவும் முடியாமல் ஒளியவும் முடியாமல் ஒரே இடத்தில் நிற்பது எவ்வளவு பெரிய வசதி என்று எண்ணிக்கொண்டேன். பாலம் வந்தால் மக்களுக்கு நல்லது. கதைகாரனுக்கு நட்டம்.

பேச்சுக் கொடுத்த ஓர் அம்மா எதைச் சொன்னாலும் 'சூறாவளிக்கு முந்தி', 'சூறாவளிக்குப் பிறகு' என்றே காலத்தைக் கணக்கிட்டார். 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியைத்தான் சொல்கிறார். அவருடைய திருமணம் சூறாவளிக்கு முந்தியது, மூத்த மகன் பிறந்தது சூறாவளிக்குப் பிறகு. கடற்கரைப் பக்கத்தில் இதே கணக்கு 2004 டிசெம்பர் 26க்கு மாறிவிடும். இடையில் வந்த யுத்த வருடங்களை அவர் தேதி வைத்துச் சொல்லவில்லை. "அந்த நேரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுகரையைப் பார்த்தார். எதற்குத் தேதி சொல்கிறார்கள், எதற்குச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதைக் கவனித்தாலே இந்த மண்ணின் நாவலுக்கு வேண்டிய கட்டமைப்புக் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

மண்டூர் கந்தசுவாமி கோயிலில் மூலத்தானத்தைத் திரைதான் மறைக்கிறது. கதிர்காமத்தைப் போலவே கப்புகனார் என்னும் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்கிறார். மந்திரம் கேட்காது, உருவம் தெரியாது. இந்த ஊரில்தான் 1899இல் புலவர்மணி ஏ. பெரியதம்பிப்பிள்ளை பிறந்தார். பகவத்கீதையை வெண்பாவில் பாடியவர். காட்டாத தெய்வத்தின் ஊரிலிருந்து, எல்லாவற்றையும் திறந்து சொல்லும் கீதையைத் தளை தட்டாத வெண்பாவில் அடைத்த ஒருவர் வந்திருக்கிறார் என்று ஒரு வாக்கியம் எழுத ஆசையாக இருக்கிறது. எழுதியும் விட்டேன். ஆனால் அது அழகுக்காகச் சொன்னது, நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

பிற்பகலில் சிறுபோக வயல் வரம்பில் இருந்து 'வேளாண்மை'யை வாசித்தேன். நீலாவணன் 1931இல் பெரியநீலாவணையில் பிறந்தவர், ஆசிரியர். 1975இல், இன்னும் எழுதியிருக்க வேண்டிய வயதில் போய்விட்டார். இந்தக் காவியம் அவருடைய மறைவுக்குப் பின் 1982இல் நூலாயிற்று. மட்டக்களப்பு உழவர் வீட்டுப் பேச்சை அப்படியே செய்யுளில் நடக்கவிட்ட துணிச்சல் அதில் இருக்கிறது. பேச்சுத் தமிழ் யாப்பில் ஏறினால் நொண்டும் என்று நம்பப்பட்ட காலம் அது. அவருடைய காதில் பொலிப்பாட்டு இருந்திருக்கிறது என்று நண்பர் சொன்னார். சூடு மிதிக்கும் களத்தில் மாட்டை வளைத்து நடத்திக்கொண்டே பாடும் பாட்டு அது. இரவிரவாகக் களத்தில் நிற்பவனுக்குத் தூக்கம் வராமலும் மாட்டுக்கு நடை குலையாமலும் இருக்கப் பாடியது, நெல் பொலிய வேண்டும் என்ற வேண்டுதலும் ஆனது.

பக்கத்து வயற்காரரிடம் இப்போது யாராவது பொலி பாடுவதுண்டா என்று கேட்டேன். "மெசின் வந்து வெட்டி, அடிச்சு, சாக்குல போட்டுத் தந்திட்டுப் போகுது. மெசினுக்குப் பாட்டுத் தேவையில்லத்தானே?" என்றார். அவர் குறைப்பட்டுச் சொல்லவில்லை. நாரி நோவு இல்லாமல் வேலை முடிகிறதே என்ற ஆறுதல்தான் குரலில் இருந்தது. அந்த ஆறுதலை மறுத்துப் பேச வயலில் இறங்காத எனக்கு உரிமை இல்லை. ஆனால் அடுத்த நீலாவணன் எதைக் கேட்டு வளர்வான் என்ற கேள்வி மட்டும் வரம்பிலேயே கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை, மருதமுனை, கல்முனை

கல்முனைப் பகுதியில் ஒரு வீதியைக் கடந்தால் ஊரும் பேச்சும் சாப்பாடும் மாறிவிடும். பெரியநீலாவணை தமிழூர், அடுத்து மருதமுனை முஸ்லிம் ஊர், அதற்கடுத்த பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயில், அங்கே புரட்டாதியில் மகாபாரதக் கதையை நடத்திக் காட்டித் தீயிறங்குகிறார்கள். பிறகு கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது. இவ்வளவு சிறிய கடற்கரைத் துண்டில் இத்தனை எழுத்தாளர்கள் எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் விடை இதுதான்: இங்கே பிறக்கும் பிள்ளை, தன் வீட்டில் பேசாத இன்னொரு தமிழைத் தினமும் கேட்டு வளர்கிறது. ஒரே பொருளை இரண்டு விதமாகச் சொல்லலாம் என்று ஐந்து வயதில் தெரிந்துகொண்ட பிள்ளைக்கு மொழிமேல் ஒரு கண் விழுந்துவிடுகிறது. பகை மூண்ட காலங்களில் அந்த எல்லைக் கோடுகளே உயிரைக் குடித்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மருதமுனை நெசவுக்குப் பேர்போன ஊர். கைத்தறிகளின் எண்ணிக்கை முன்போல இல்லை என்றாலும், ஓர் ஒழுங்கைக்குள் நடந்தபோது இரண்டு வீடுகளிலிருந்து தறியோசை கேட்டது. நண்பரின் சக ஆசிரியர் வீட்டில் மதியம் சோறும் மீன் ஆணமும். அவருடைய உம்மும்மா கவி சொல்வார் என்று கேள்விப்பட்டுத்தான் போயிருந்தோம். கிழக்கிலங்கை முஸ்லிம் மக்களிடையே கவி என்றால் காதலும் ஏக்கமும் நையாண்டியுமாக வாய்மொழியில் வழங்கும் சிறு பாடல்கள். பெண்களும் ஆண்களும் கேள்வியும் விடையுமாகச் சொல்வது, வயற்காவலுக்குப் போன மச்சானை நினைத்துச் சொல்வது என்று பல வகை.

ஆண்கள் முன்னால் சொல்ல அவர் விரும்பவில்லை. கைபேசியில் பதிவதற்கும் மறுத்துவிட்டார். கடைசியில் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, பேத்தியிடம் சொல்வது போலச் சொன்னார். "ராகம் எல்லாம் போட ஏலா புள்ள, மூச்சு வாங்குது" என்று சொல்லிவிட்டு, ராகத்தோடுதான் சொன்னார். நான் புத்தகங்களில் படித்திருந்த ஒன்றும் அதில் வந்தது. ஓடையில் ஓடும் தண்ணீரில் தும்பியும் தூசியும் விழும், வீட்டுக்கு வந்தால் காய்ச்சிய தண்ணீர் தருவேன் என்று ஒருத்தி மச்சானை அழைக்கும் கவி. அழைப்பு முழுவதையும் தண்ணீரின் சுத்தத்தைப் பற்றிய அக்கறையாக மாற்றிவிட்ட அந்தப் பெண் யாரோ, எந்த நூற்றாண்டோ. ஊரார் காதில் விழுந்தாலும் குற்றம் பிடிக்க முடியாது. சொல்லக்கூடாததைச் சொல்ல வேண்டிய நெருக்கடிதான் இங்கே உவமையைப் பெற்றிருக்கிறது. எழுதும் மேசையும் தனிமையும் இருந்தால்தான் கவிதை வரும் என்று சொல்பவர்கள் இந்தத் திரைச்சீலைக்குப் பக்கத்தில் சற்று நேரம் இருக்க வேண்டும்.

சாய்ந்தமருதுக் கவிஞர் அனார் இந்தக் கவிகளைத் தொகுத்து 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' என்ற பெயரில் நூலாக்கியிருக்கிறார். அவருடைய 'எனக்குக் கவிதை முகம்' தொகுதியை முன்பு படித்தபோது, பெண்ணுடலும் மழையும் கடலும் ஒன்றோடொன்று இடம் மாறிக்கொள்ளும் அந்த மொழி நவீன கவிதை வாசிப்பிலிருந்து வந்தது என்றே நினைத்தேன். கவியைக் கேட்ட பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. மறைத்துச் சொல்லும் அந்தக் கலை அவருக்கு வீட்டுச் சொத்து. வாசிப்பு அதற்கு வட்டி சேர்த்திருக்கிறது.

கல்முனைக்குடியில் பிறந்த எம்.ஏ. நுஃமான் 1969, 70 ஆண்டுகளில் 'கவிஞன்' இதழை இங்கிருந்து நடத்தினார். மொழியியல் படித்தவர், பேராசிரியர். பேச்சின் ஓட்டத்தை யாப்புக்குள் இயல்பாக ஓடவிடுவதில் அவருக்கு இருக்கும் கைத்திறனுக்கு அந்தப் படிப்பும் ஒரு காரணம் என்றால், என் வெள்ளிக்கிழமை ஊகம் இன்னும் கொஞ்சம் உறுதிப்படுகிறது.

ஆனால் சோலைக்கிளி அதை உடைக்கிறார். கல்முனையிலேயே வாழ்ந்து, கல்முனையையே எழுதியவர். 1985இல் 'நானும் ஒரு பூனை' வந்தபோது இப்படியும் தமிழில் எழுதலாமா என்று பலர் திகைத்தார்கள். வீட்டு முற்றத்துக் காகமும் மரமும் பூச்சியும் அவருடைய கவிதைகளில் மனிதர்களைவிட அதிகமாகப் பயப்படுகின்றன. மனிதர்கள் வாய்திறந்து பேச முடியாத ஆண்டுகளில் எழுதப்பட்ட கவிதைகள் அவை. அவருக்கு எந்த வெளியூர்ப் படிப்பு வந்து ஊர்க்காதோடு முட்டியது? முட்டியது பயம்தான் என்று தோன்றுகிறது. நன்கு பழகிய முற்றமே ஒரு காலையில் அந்நியமாகிவிட்டால், அதை விட்டு எங்கும் போகாதவனும் வெளியூரான் ஆகிவிடுகிறான். அப்படியானால் வேண்டியது படிப்பு அன்று, ஏதோ ஒரு விலகல். அண்ணாவியாரைப் பற்றி நண்பர் கேட்டதற்கு இது பாதி விடையாகலாம். ஒத்திகையில் மேசனுடைய தொண்டையை அவர் கேட்டபோது, தகப்பனாரின் கொப்பியிலிருந்து ஓரடி விலகித்தானே நின்றார்? இந்த விடையில் நண்பருக்கு முழுத் திருப்தி இல்லை. "நீ கடைசியில் எல்லாவற்றையும் ஒரு கயிற்றில் கட்டிவிடுவாய்" என்றார்.

திங்கட்கிழமை, காரைதீவு

சாய்ந்தமருதைத் தாண்டியதும் காரைதீவு. விபுலாநந்தர் பிறந்த இல்லத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போனோம். கடல்சூழ் இலங்கைக் கயவாகு மன்னன் கண்ணகிக்குக் கோட்டம் எடுத்ததைச் சிலப்பதிகாரமே சொல்கிறது. அந்த வழிபாடு தமிழகத்தில் பெயர் மாறியும் உருமாறியும் போனபோது, கிழக்கிலங்கையில் கண்ணகி என்ற பெயரிலேயே நிலைத்திருக்கிறது. வைகாசியில் கோயிற் கதவு திறந்து, நாள்தோறும் கண்ணகி கதையான வழக்குரையைப் பாடி, கடைசியில் குளிர்த்தி பாடி அம்மனின் கோபத்தை ஆற்றுவார்கள். மதுரையை எரித்தவளை ஆண்டுதோறும் ஊர்கூடிப் பாட்டால் ஆற்ற வேண்டியிருக்கிறது. அம்மை நோயும் வரட்சியும் அவளுடைய கோபத்தோடு சேர்ந்தே எண்ணப்படுகின்றன. ஆகவே பாட்டுப் பிழைப்பது இங்கே இலக்கியக் குற்றம் மட்டும் அன்று.

விபுலாநந்தரின் ஆராய்ச்சி சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலிருந்து கிளைத்தது. இந்தக் கோயிலின் பாட்டைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குச் சிலம்பு ஏட்டில் கிடந்த பழங்கதையாக இருந்திருக்க முடியாது. பாட்டின் சுரத்தைக் கண்டுபிடிக்க அவர் ஏன் அத்தனை ஆண்டுகள் உழைத்தார் என்பதற்கு வாவியைவிட இந்தக் கோயில் நல்ல சாட்சி என்று இப்போது நினைக்கிறேன். பாடும் மீனுக்குக் கிடைத்த புகழில் பாதியை வழக்குரை பாடுபவர்களுக்குக் கொடுத்திருக்கலாம்.

இரவு மண்டபத்தில் நெருக்கடி. வேப்பிலையும் சாம்பிராணியும் கலந்த வாசம், நடுவே உடுக்கும் சிலம்பும். பாடியவர்களில் ஓர் இளைஞனின் கையில் அச்சிட்ட வழக்குரை இருந்தது. பண்டிதர் வீ.சீ. கந்தையா 1968இல் கண்ணகி வழக்குரையைப் பதிப்பித்திருக்கிறார். இது அந்தப் பதிப்பின் படியா வேறொன்றா என்று அட்டை கிழிந்திருந்ததால் பார்க்க முடியவில்லை. அருகிலிருந்த பெரியவரிடம் புத்தகம் இல்லை. ஓரிடத்தில் இருவருடைய வரியும் பிரிந்தது. இளைஞன் அச்சில் உள்ளதைப் பாட, பெரியவர் வேறொன்றைப் பாடினார். உடுக்கு நிற்கவில்லை. அந்தக் காதை முடிந்து தண்ணீர் குடிக்க எழுந்தபோதுதான் வழக்குத் தொடங்கியது.

"புத்தகத்தில இப்பிடித்தான் கிடக்கு அப்பப்பா" என்றான் இளைஞன்.

"கிடக்கட்டும். அது வாசிக்கிறதுக்கு. பாடக்குள்ள அந்த எடத்தில மூச்சு எடுக்க ஏலுமா? பாடிப் பாரு" என்றார் பெரியவர்.

இளைஞன் மெல்லிய குரலில் இரண்டு விதமாகவும் பாடிப் பார்த்தான். சுற்றியிருந்தவர்களில் சிலர் பெரியவர் பக்கம், சிலர் புத்தகத்தின் பக்கம். ஏட்டில் எப்படி இருந்தது என்று ஒருவர் கேட்டார். தம்பிலுவில்லில் வேறு மாதிரிப் பாடுவார்கள் என்று இன்னொருவர் புதிய குழப்பத்தைக் கொண்டுவந்தார். எந்த வரி சரியானது என்று பதிப்பாசிரியர்கள் தீர்மானிக்கட்டும். எனக்கு, ஒரு தொண்டையின் அளவு பார்த்து இரண்டு வரி மாற்றிய கன்னன்குடா அண்ணாவியார் இங்கே வேறு உருவத்தில் இருப்பதாகப்பட்டது. நண்பர் என் முகத்தைப் பார்த்து, "கயிறு தயாரா?" என்றார்.

இளைஞன் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, அச்சு வரியை வெட்டாமல், பக்கத்து வெற்றிடத்தில் பெரியவருடைய வரியை எழுதிக்கொண்டான். பெரியவர் எட்டிப் பார்த்து, "கொம்ப விட்டுட்டாய்" என்று திருத்தினார். அதற்குள் அடுத்த காதைக்கு உடுக்குத் தொடங்கிவிட்டது.